வெளிவராத ஐந்தாவது ஆல்பம்

— உங்க வரிசையில என் 'தகரம்' அஞ்சாவது இடமா? மாஸ்டர், நான் போட்டதே நாலு ஆல்பம்தான்.

— பொறுங்க தம்பி, அதுக்கு வரேன். கடைசி இடம் 'தகரம்'. அதுல மாத்தமில்ல.

— அதுதான் இருக்கறதுலயே நல்லதுன்னு எல்லாரும் எழுதினாங்க.

— எழுதினவங்க ஒரு தடவை கேட்டிருப்பாங்க. நீங்க மாடியில அதை அடிச்சு அடிச்சுப் பழகின ஒரு வருஷமும் கீழ நான் தையல் மிஷின்ல உக்காந்திருந்தேன். எத்தனை காலர் கோணிக்கிச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

— சரி, கடைசியிலயே கிடக்கட்டும். கொஞ்சம் காலைத் தூக்குங்க, ஒயர் மாட்டியிருக்கு.

— ஏன் இப்படிக் கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஓடறீங்க? அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நாலு மணிக்கு வண்டி வருது மாஸ்டர். வேற ஒரு பேண்ட்காரங்க. ஆம்ப்ளிஃபயர், ரெண்டு கிட்டார், பெடல், எல்லாத்தையும் சும்மா கொடுத்துடறேன். எடுத்துட்டுப் போனா போதும்.

— அதைத் தடுக்கத்தான் இந்தப் பேப்பர். ராவெல்லாம் யோசிச்சு எழுதினது. அளவு நோட்டுல கிழிச்சேன், பின்பக்கம் யாரோ ஒருத்தரோட இடுப்பளவு இருக்கு, அதைப் படிக்காதீங்க.

— நீங்க தடுக்கறீங்களா? சத்தம் தாங்காம ஒட்டடைக் கம்பால கூரையை இடிச்ச மனுஷன் நீங்க.

— இடிச்சேன், இல்லைங்கல. நாலு வருஷம் இடிச்சேன். ஒவ்வொரு ஆல்பம் முடிஞ்சதும் உங்கம்மா ஒரு சிடியைத் தூக்கிட்டுப் படி இறங்கி வருவாங்க. 'இந்தச் சத்தம் இன்னையோட முடிஞ்சுது தம்பி, இனிமே வேற சத்தம்தான்'னு சொல்லிக் கொடுப்பாங்க. திட்டறதுக்குன்னு வாயைத் திறப்பேன், சிரிப்பு வந்துடும்.

— எனக்கு இது தெரியாதே.

— 'நீங்களாவது கேட்டுட்டுத் திட்டுங்க, நான் கேக்காமலே திட்டிட்டேன்'னாங்க ஒரு தடவை. அப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து கேட்டேன். கேட்டா, அளவு எடுத்துத்தான் வெட்டியிருக்கீங்கன்னு புரிஞ்சுது.

— அவங்களைப் பத்தி இப்போ வேண்டாம் மாஸ்டர்.

— நான் ஒரு வார்த்தை துக்கம்கூட விசாரிக்கல. பொண்ணு பிரசவத்துக்குப் போனவன் ஏழு மாசம் கழிச்சு முந்தாநாள்தான் கதவைத் திறக்கறேன். எதிர்வீட்டம்மா சொல்றாங்க, மாடி வீட்டுல பெரியவங்க இல்லைன்னு. எப்போ, எப்படின்னு கேக்கக்கூட எனக்கு நாக்கு வரல.

— பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. நான் வெளியூர் கச்சேரிக்குப் புதன் ராத்திரி கிளம்பினேன். வெள்ளி ராத்திரி வந்து கதவைத் திறந்தா... குழாய்கிட்ட கிடந்தாங்க. கையில எவர்சில்வர் குவளை. விழுந்த வேகத்துல குவளைகூட நசுங்கிப் போயிருந்துச்சு.

— ஐயோ தம்பி.

— விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும், ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டறேன். அது மட்டும் இல்லைன்னா எப்பவோ பைத்தியம் பிடிச்சிருக்கும்.

— நல்லவங்களுக்கு அப்படித்தான் சாவு வரும். கஷ்டப்படாம போயிட்டாங்க.

— ம். படிங்க மாஸ்டர். அடுத்தது என்ன?

— நாலாவது 'மோட்டார் ரூம்'. தண்ணி டேங்க் நிரம்பி வழியுதுன்னு ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய் மோட்டாரை நிறுத்தினேன். மோட்டார் ஓடவே இல்ல. என்னை ஏமாத்தின பாட்டு அது, அதான் நாலாவது.

— மூணாவது?

— 'கடவாய்ப் பல்'. அப்போ எனக்கே பல்வலி. என் வாய்க்குள்ள நடக்கறதை நீங்க மேல உக்காந்து வாசிக்கற மாதிரி இருந்துச்சு. வலிக்கு ஒரு துணை. ரெண்டாவது இடம் 'காலி டிரம்'.

— அதுவா? என் கணக்குல அதுதான் கடைசி. ஒரே மதியத்துல, அம்மாகூட சண்டை போட்டுட்டு அந்த எரிச்சல்ல ரெக்கார்ட் பண்ணினது.

— அதனாலதான் உயிரோட இருக்கு. என் மிஷின் வேகமும் அந்தப் பாட்டோட வேகமும் ஒண்ணு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் நூத்தி இருபது, ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சேன். இப்போ சொல்லுங்க, இப்படி ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், நீங்க பாட்டுக்கு மூட்டை கட்டறீங்களே.

— உங்களுக்கு நல்ல காது மாஸ்டர். நிஜமாத்தான் சொல்றேன். முதல் இடம் யாருக்கு?

— அதுதான் இன்னும் வெளிய வராதது. அஞ்சாவது. நீங்க பேர்கூட வெச்சிருக்க மாட்டீங்க.

— நான் அஞ்சாவது ஒண்ணு பண்ணவே இல்லையே.

— என்கிட்டயே மறைக்கறீங்களா? நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள், பகல் பூரா வாசிச்சீங்களே. கிட்டார் கிடையாது, ஒரு இழவும் கிடையாது. வெறும் குழாய்.

— குழாயா?

— மேலேர்ந்து என் பின்கட்டு வழியா இறங்குதே, அந்த இரும்புக் குழாய். எதாலயோ தட்டறீங்க. மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். முதல்ல எரிச்சல் வந்து கம்பைக்கூட எடுத்துட்டேன். அப்புறம் அந்த நிறுத்தம் இருக்கே, அது என்னமோ பண்ணிடுச்சு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போச்சு. இனிமே வராதுன்னு நினைக்கறப்போ வரும்.

— எந்த நாள் மாஸ்டர் அது?

— சொன்னேனே, கிளம்பறதுக்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை விடிகாலையில வண்டி, அப்போ வியாழன். ஏன் தம்பி, ஒயரைக் கீழ போட்டுட்டீங்க?

— பேரன் என்னைக்குப் பொறந்தான்?

— பதினஞ்சாந்தேதி, சனிக்கிழமை. நான் போய் இறங்கின மறுநாளே.

— பதினஞ்சு. அப்போ வியாழன் பதிமூணு.

— இருக்கும். தேதி எதுக்கு இப்போ?

— ரெக்கார்ட் பண்ணினதைத் தேடி எடுக்கணும் இல்லையா, அதுக்குத்தான். குரல் ஏதாவது கேட்டுச்சா?

— உங்க பாட்டுல என்னைக்கு வார்த்தை புரிஞ்சிருக்கு? நடுவுல முனகல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. மிஷின் சத்தத்துல சரியா விழல.

— நான்தான் வாசிச்சேன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?

— நல்லா இருக்கே கேள்வி. இந்த வீட்டுல வேற யாரு சத்தம் போடுவா? உங்கம்மா நடந்தாக்கூட எனக்குக் கேக்காது. என்ன தம்பி, திடீர்னு ஸ்டூல்ல உக்காந்துட்டீங்க? சாப்பிட்டீங்களா இல்லையா?

— சாப்பிட்டேன். நீங்க சொல்லுங்க. அப்புறம் என்ன ஆச்சு?

— சொன்னா சிரிக்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல எனக்குக் கை சும்மா இருக்கல. பெரிய கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போய் நானும் அந்தக் குழாய்ல தட்டினேன். நீங்க மூணு, நான் மூணு. உடனே உங்களுக்கு உற்சாகம் வந்துடுச்சு. படபடபடன்னு தட்டித் தள்ளிட்டீங்க. என் வாழ்க்கையில நானும் ஒரு பாட்டு வாசிச்சேன்னு இருந்துச்சு தம்பி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— எவ்வளவு நேரம் தட்டினீங்க?

— பத்து நிமிஷம் இருக்கும். மறுநாள் ஊருக்குப் போகணும், கொடுக்க வேண்டிய துணி ஆறு பாக்கி. மிஷினுக்குத் திரும்பிட்டேன். நீங்க அப்புறமும் விடாம தட்டினீங்க. அப்புறம் லேசா. விளக்குப் போடற நேரத்துக்கு நின்னுடுச்சு.

— நின்னுடுச்சு.

— ஒரு எட்டு மேல வந்து கதவைத் தட்டிச் சொல்லிட்டுப் போகலாமான்னு நினைச்சேன். வாசிக்கறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். தப்பா தம்பி?

— இல்ல மாஸ்டர்.

— கீழ ஹாரன் கேக்குது பாருங்க, வண்டி வந்துடுச்சு போல. திருப்பி அனுப்பிடுங்க. அந்தக் குழாய்ப் பாட்டை வெளிய விடுங்க. எனக்காக.

— பாக்கறேன்.

— ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஏழு மாசமா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் பதிலுக்குத் தட்டினது மேல கேட்டுச்சா?

— கேட்டுச்சு மாஸ்டர். நான்தானே வாசிச்சேன்.