சட்டைப்பையில் இருந்த அட்டைகள்

"ஹலோ... அக்கா? நான்தான். ... ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ... இல்ல, வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான். சத்தமா பேச முடியாது. ... அக்கா, அந்தத் தையல் மெஷினக் கொஞ்சம் நிறுத்தேன். ... ஜெபம் பண்ணணும். இப்பவே."

ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற அறை அது. தம்பிக்காரன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், துடைப்பம் மட்டுமே நிற்கக்கூடிய சந்தில், போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். அந்த அறைக்கு அவன்தான் பொறுப்பாளர். பதவி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாளிலேயே தூக்கம் போயிற்று. தனக்கு இது தகாது, யாரோ ஆள் மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அக்காவோ சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என் தம்பியை உயர்த்தினார் என்று சாட்சியே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவன் எங்கே போய் இறங்குவது?

"சொல்றேன், குறுக்க பேசாத. ... சரி. ... சரிக்கா. ... காலையில ஆட்டோகிளேவ்ல ஆபரேஷன் சாமான் செட்ட வச்சேன். ... அதான், பெரிய பிரஷர் குக்கர்னு சொல்வேனே, அது. ... ஒவ்வொரு பொட்டலம் கட்டும்போதும் உள்ள ஒரு அட்டை வைக்கணும். நீராவி உள்ள வரைக்கும் போயிருந்தா அட்டை கறுத்துடும். போகலேன்னா வெள்ளையாவே இருக்கும். ... ஆமா. ... ஆமா. ... அந்த அட்டையெல்லாம் என் சட்டைப்பையில இருக்குக்கா."

அலமாரிக்கு அப்பால் ஆட்டோகிளேவ் ஒரு பெருமூச்சு விட்டுக் குளிர்ந்துகொண்டிருந்தது.

"... எப்படின்னா? கட்டறப்ப எடுத்தேன். ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுக் கட்டலாம்னு பையில போட்டுட்டுக் கண்ண மூடினேன். அப்புறம் கண்ணத் திறந்து, கட்டி, உள்ள தள்ளி, கதவ மூடிட்டேன். ... என்ன ஜெபமா? ... தப்பு எதுவும் வந்துடக் கூடாது ஆண்டவரேன்னு."

இதைக் கேட்டு யாராவது சிரித்தால் குற்றமில்லை. அவனுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. எதிர்ச்சுவரில் எஃகுக் கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர். கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"இதோ சிஸ்டர்! ... வந்துட்டேன்! ... ட்ராலி சக்கரம் சிக்கிக்கிச்சு, ரெண்டே நிமிஷம்! ... அக்கா, இருக்கியா? பொய் சொல்லிட்டேன்க்கா. சக்கரமெல்லாம் நல்லாத்தான் ஓடுது."

அந்தப் பக்கம் இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மாவை மேஜையில் ஏற்றியிருந்தார்கள். மயக்க டாக்டர் இன்னும் ஊசி போடவில்லை. போட்டுவிட்டால் காரியம் கையை மீறிவிடும். செட்டைப் பிரித்து, அட்டை வைத்துக் கட்டி, மறுபடி வேகவைத்தால் முற்பகல் முழுக்கப் போய்விடும். வேறு செட்டும் கிடையாது. பெரிய டாக்டரோ காத்திருக்கிற ரகம் இல்லை. ஒரு இடுக்கியின் பிடி கொஞ்சம் இறுகியிருந்ததற்கே அதை ஜன்னல் வழியாக விட்டெறிந்தவர்.

"... சொல்றதா? நீ சுலபமா சொல்லிட்ட. அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. இவன யாரு இங்க உக்கார வச்சதும்பாரு. ... அதையேதான்க்கா நானும் கேக்கறேன், யாரு உக்கார வச்சது? ... கர்த்தர்தான். ... சரி, அவர்தான். அவருக்கு வேற ஆளே கிடைக்கலயா? ... இல்ல, முறுமுறுக்கல. ... முறுமுறுக்கலன்னு சொல்றேன்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டான்.

"மெஷின் நல்லாத்தான் ஓடிச்சு. பிரஷரெல்லாம் ஏறிச்சு. பொட்டலத்துக்கு வெளிய ஒட்டற டேப்பும் கறுத்திருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சுத்தமாத்தான் இருக்கும். ... அந்த மீதி ஒண்ணுக்குத்தான்க்கா ஜெபம் கேக்கறேன். ... ஆமா. ... ஆமா, விசுவாசிக்கிறேன். ... விசுவாசிக்கப் பாக்கறேன். ... வசனமெல்லாம் தெரியும், மெஷினுக்கு மேலயே ஒட்டி வச்சிருக்கேன். எனக்குத்தான் ஒட்ட மாட்டேங்குது."

ஜன்னல் மறுபடி தட்டப்பட்டது. இந்தத் தடவை விரலால் அல்ல, உள்ளங்கையால்.

"வரேன் சிஸ்டர், வரேன்! ... அக்கா, உனக்கு அது வருது. நீ கேட்டா அவர் கொடுக்கறாரு. உன் மாடி வீட்டுக்காரிக்கு நீ கை வச்ச அன்னிக்கே காய்ச்சல் விட்டுச்சே. ... நானா? நானும் பண்ணிப் பாத்துட்டேன். முழங்கால் போட்டே பண்ணினேன். பண்ணிட்டு அட்டைய எடுத்துப் பாத்தேன். ... இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

சட்டைப்பைக்குள் இருக்கிற அட்டை கறுக்காது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எடுத்துப் பார்த்தான். ஒரு தடவை அல்ல. படித்து, வேலை கற்று, பொறுப்பாளரான மனிதன் மூலையில் மண்டியிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வெட்கத்தை அக்காவிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா? ... சிரிக்கிறியா? ... ஐயோ, அழறியா? நீ ஏன் அழற? அழாத. ... எனக்கு ஒண்ணும் ஆகாது. ... என்ன? ... தியேட்டர்ல அவங்க உள்ள அட்டை இருக்கான்னு பாக்க மாட்டாங்களான்னா... பாக்கணும். ஆனா பாக்க மாட்டாங்க. வெளிய டேப் கறுத்திருந்தா பிரிச்சுடுவாங்க. ... ஏன்னா, மத்தத நான் பாத்திருப்பேன்னு. ... வேற யாரு? என்னத்தான். என்ன நம்பித்தான்."

சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பாஸ்டர் என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் பாஸ்டர் கட்டிய பொட்டலம் என்றால் கேள்வியே கேட்க மாட்டார்கள். தன்னை யாரும் நம்பவில்லை என்று இத்தனை நாள் பயந்தவனுக்கு, நம்புகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"... சரிக்கா. பண்ணு. ... கண்ண மூடிட்டேன். ... ஆமா ஆண்டவரே. ... ஆமா. ... ஸ்தோத்திரம். ... ஆமா, உம்மால கூடாதது ஒண்ணுமில்ல. ... ஆமா அப்பா..."

அக்காவின் ஜெபம் அப்படிப்பட்டது. கேட்கக் கேட்க நெஞ்சில் இருந்த கல் நகரும். அவனுக்கு மூச்சு சீராயிற்று. தோள் இறங்கிற்று. கண்ணை மூடியபடியே சந்திலிருந்து வெளியே வந்து, பொட்டலங்கள் அடுக்கிய ட்ராலியை ஒரு கையால் தள்ளினான். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். ஜன்னல் கதவின் கொக்கியில் விரல் பட்டபோது எஃகு குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்துவிட்டான்.

"அக்கா. ... அக்கா, நிறுத்து. ... நிறுத்துன்னு சொல்றேன்ல. ... இல்ல, நீ நல்லாத்தான் பண்ற. ரொம்ப நல்லாப் பண்ற. அதான் பயமா இருக்கு. ... நீ இன்னும் கொஞ்ச நேரம் பண்ணினா நான் இதக் குடுத்துடுவேன்க்கா."

அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தான். தியேட்டரின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. தைரியமும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்க மறந்தே பேசினான்.

"சிஸ்டர், மயக்க ஊசி போட வேண்டாம்னு சொல்லுங்க. ... இல்ல, சக்கரம் இல்ல. ... இந்தச் செட்டு சுத்தமா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. ... டேப் கறுத்திருக்கு, ஆமா. உள்ள நான் அட்டை வைக்கல. ... மறந்துட்டேன் சிஸ்டர். நான்தான். ... சொல்லுங்க, அவர்கிட்டயே சொல்லுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

உள்ளே ஏதோ ட்ரே தரையில் விழுந்து கணகணத்தது. ரப்பர் செருப்புகள் ஜன்னலை நோக்கி வேகமாக வந்தன.

"அக்கா... இன்னும் இருக்கியா? ... வச்சிடறேன். பெரிய டாக்டர் வராரு."