நாற்காலியை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் தெருச் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மடியில் பிள்ளையையும் மனதில் வீட்டு வேலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, என் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்திக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அவர்களே, இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் கதவோரத்திலேயே நிற்கும் என் அப்பா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சத்தமாகப் பேசு என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. இதுதான் அண்ணே என் சத்தம். இதற்கு மேல் வேண்டுமென்றால் மைக்கைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் இதே கூடத்தில் தகர டப்பாவில் சீட்டுக் குலுக்கி எங்களுக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஒருவருக்கு மரம் வந்தது. ஒருவருக்குத் தண்ணீர் வந்தது. எனக்கு வந்தது, ‘வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள்: விளையாட வைப்பது எப்படி?’ சீட்டைப் பார்த்ததும் ஐயாவின் முகம் வாடிவிட்டது. “வேணும்னா வேற சீட்டு எடுத்துக்கோம்மா” என்று மெதுவாகச் சொன்னார். வேண்டாம் ஐயா என்றேன். ஏன் அவர் முகம் வாடியது? ஏன் நான் வேண்டாம் என்றேன்? உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குச் சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. பிறந்தநாள் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும்தானா? இல்லை. ஒரு பிள்ளையைப் பார்த்து, நீ பிறந்தது எங்களுக்கு நல்லது என்று ஊரே சேர்ந்து சொல்வது அது. அதனால் அதை யோசித்துச் செய்ய வேண்டும். பலூனை முக்கால் அளவுக்கு மேல் ஊதாதீர்கள். வெடித்தால் ஒரு பிள்ளை அழும். ஒரு பிள்ளை அழுதால் எல்லாப் பிள்ளையும் அழும். எந்த விளையாட்டையும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சிரிக்காமல் உட்காரும் போட்டி வைத்தால், வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிக்கும் பிள்ளைக்கே பரிசைக் கொடுங்கள்.

நாற்காலி விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். பாட்டு நிற்கும்போது இடம் கிடைக்காத பிள்ளை அவுட். எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இல்லை. நான் நாற்காலியை எடுப்பேன், பிள்ளையை எடுக்க மாட்டேன். ஆறு நாற்காலி ஐந்தாகும், ஐந்து நான்காகும், கடைசியில் ஒற்றை நாற்காலியில் ஏழு பிள்ளைகள். மடியில் ஒன்று, முதுகில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று. யாரும் தோற்கவில்லை. யாரும் வெளியே நிற்கவில்லை.

போன வருடம் என் தங்கையின் ஆறாவது பிறந்தநாளுக்கு இப்படித்தான் விளையாடினோம். எல்லோரும் அவளைப் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். இந்தத் தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தார். நான் ஏழு தாள் தொப்பி செய்திருந்தேன். கடைசி விளையாட்டு, புதையல் தேடுவது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், அதனால் குறிப்புகளைப் படமாக வரைந்தேன். செருப்பு. வாளி. துடைப்பம். துணிக்கொடி. மாடிப்படி. ஆறாவது படம், நான்கு சக்கரம் வைத்த ஒரு வண்டி.

அது அப்பாவின் வண்டி.

என் அப்பா இறந்தவர்களைக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுகிறார். அதை எங்கள் வாசலில்தான் நிறுத்துவார். இரண்டு அறை வீட்டில் எங்களுக்கு அதுதான் மூன்றாவது அறை. அதன் உள்ளே ஓரமாக நீட்டிப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். மழை நாளில் பட்டாணியை அதில்தான் தூங்க வைப்பேன். தினமும் இரண்டு முறை பினாயில் போட்டுக் கழுவிய வண்டி, எங்கள் வீட்டுத் தரையைவிடச் சுத்தமான வண்டி. அந்தப் பெஞ்சுக்கு அடியில் பென்சிலும் சாக்லேட்டும் நிரப்பிய டப்பாவை வைத்தேன். வைக்கும்போது ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை. யோசிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் குதித்து ஏறினார்கள். பட்டாணி, வீட்டுக்காரி தோரணையில், “வாங்க வாங்க, எங்க வண்டிதான், கூச்சப்படாம உக்காருங்க” என்றாள். ஏழு தொப்பிகளும் வரிசையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அந்த நேரத்தில்தான் தையல்கார அக்கா தன் மகனை அழைத்துப்போக வந்தார்.

“எறங்குடா.”

“அம்மா, புதையல்மா. இங்க பாரு, ரப்பர் வச்ச பென்சிலு.”

“எறங்குன்னு சொல்றேன்ல. உங்கப்பா கடைசியா போன வண்டிடா அது.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அடுத்து இன்னொரு அம்மா வந்தார். “வெளையாட வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?” என்று கேட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கால் மணி நேரத்தில் ஆறு தொப்பிகள் வாசலில் கிடந்தன. கேக் வெட்டவில்லை. மெழுகுவர்த்தி ஊதவில்லை. பட்டாணி தன் தொப்பியோடு காலி பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னைக் கேட்டாள்.

“நான் அவுட்டாக்கா?”

பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

வேண்டாம் தையல்கார அக்கா, எழுந்திருக்காதீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை. தவறு என்னுடையது. எங்களுக்கு வீடாகத் தெரிந்த வண்டி உங்களுக்கு என்னவாகத் தெரியும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இதை உங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்ல ஒரு வருடமாக நினைத்தேன், கால் வரவில்லை. அப்பா மட்டும் மறுநாளே ஆறு வீட்டுக்கும் போனார். “சின்னப் புள்ள, தெரியாம வச்சிடுச்சும்மா” என்றார். எல்லோரும் “பரவால்லண்ணே” என்றீர்கள். ஆனால் எந்தக் கதவும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வண்டியை ஒரு கிடங்கின் சுவரோரம் விட்டுவிட்டு, இரண்டு தெரு நடந்து வீட்டுக்கு வருகிறார்.

வண்டி போய்விட்டது. பிள்ளைகள் வந்தார்களா? வாசல் காலியாகிவிட்டது. மனம் காலியானதா? பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை இடம் மாறிவிட்டது. ஒரு மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவளுக்கு வயிறு வலிக்கிறது. மருந்துக்கடை ஐயா இரண்டு முறை மருந்து கொடுத்தார். ஐயா, அது மருந்தில் தீராது. அந்த வலி எனக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு ஏன் நின்றேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கணக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய். எனக்குக் கணக்கு நன்றாக வரும். என் பெஞ்சுக்குத்தான் யாரும் வரவில்லை. முதலில் வயிறு வலித்தது, அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அப்புறம் ஒரேயடியாக லீவு. என் தங்கை இப்போது முதல் படியில் நிற்கிறாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டாதீர்கள் அப்பா, சொல்லிவிடுகிறேன். வேகத்தடை வந்தால் அவர் வண்டியை ஊர விடுவார். “தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுல்ல” என்பார். தையல்கார மாமாவை ஏற்றிப்போன அன்று, யாரும் கேட்காமலே அவருடைய கடை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் நகரவில்லை. அன்றைக்கு உங்கள் வாசலில் நின்ற அந்த மனிதரை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லையே. இன்றைக்கு அவர் ஏன் கதவோரம் நிற்கிறார்? அழும்போது அருகில் வரலாம், சிரிக்கும்போது தள்ளி நிற்க வேண்டுமா? துக்கத்துக்குத் தோள் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு, விளையாட ஒரு கை கிடைக்காதா?

கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள். புதையலை ஒளித்தவள் நான். பட்டாணி செய்ததெல்லாம், வந்தவர்களை உட்காரச் சொன்னதுதான். நாற்காலியை எடுங்கள், வண்டியை எடுங்கள், என்னை வேண்டுமானால் வெளியே நிற்க வையுங்கள். பிள்ளையை எடுக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன் ஐயா.

வரும் ஞாயிறு அவளுக்கு ஏழு வயது. எத்தனை தொப்பி செய்யட்டும் என்று கேட்டேன். “ஒண்ணு போதும்க்கா. வேணும்னா அப்பாவுக்கு ஒண்ணு” என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் கூடவே ஆறு வெட்டி வைத்திருக்கிறேன். வெட்டியிருக்கிறேனே தவிர ஒட்டவில்லை. ஒரு வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். தலையின் அளவு தெரியாமல் தொப்பியை ஒட்ட முடியாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பசையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், பாதியில் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, முதலில் வணங்கியவர்களையே மீண்டும் ஒருமுறை வணங்கி விடைபெறுகிறேன்.

அப்பா, வாங்க. முன்வரிசையில் இடம் இருக்கிறது.