பூவிழியின் கால்களுக்குச் சிவப்பு வெளிச்சம்

"காபிக்குச் சர்க்கரை போதுமா?" என்று கேட்டேன்.

"போதுங்க" என்றாள் பூவிழி. ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்தபடியே, "எனக்கு ஓசூர்ல வேல கெடச்சிருக்குதுங்க. அங்கயே ஹாஸ்டல்ல தங்கிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"வாரா வாரம் வந்துருவ இல்ல?"

"பாக்கலாங்க."

எங்கள் வீட்டில் மாலைக் காபி நான்தான் போடுவேன், டாக்டர் மேடம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். நாங்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டதே இல்லை. அவள் எங்கே போனாலும் நானே வண்டியில் கொண்டுபோய் விடுவேன். தோழி வீட்டுக்குப் போனால் அவள் வெளியே வரும்வரை தெருவிலேயே காத்திருப்பேன். போன் வந்தால் யார் என்று கேட்பேன். எல்லாம் அக்கறைதான். அந்தப் "பாக்கலாங்க" மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் வாய்வரை வந்து உள்ளே போனதைப் பார்த்தேன். எட்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா?

அடுத்த வாரம் அவள் கல்லூரிச் சான்றிதழ் வாங்கச் சேலம் போனாள். எனக்கு நம் ஆராய்ச்சி மையத்தில் வேலை இருந்ததால் தனியாகப் பேருந்தில் போனாள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பேருந்தின் மீது ஏறியது. அதில் என் கை எதுவும் இல்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் நரம்புகள் நசுங்கிவிட்டன. பாதங்கள் துணி போலத் தொங்கின. உங்கள் ஆய்வில் அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சியவன் நான்தான். நீங்கள் சம்மதித்தபோது உங்கள் காலில் விழாத குறை. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, மேடம்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வாக்குமூலம் என்பதால் முறையாகச் சொல்லிவிடுகிறேன். வெங்காயத் தோலைவிட மெல்லிய பாலிமர் படலம். அதைச் செய்தது நான். நீங்கள் அதை நரம்பின் மேல் பதித்தீர்கள். தோலுக்கு வெளியே விளக்குப் பட்டையைக் கட்டிப் பச்சை வெளிச்சம் பாய்ச்சினால், அது சதையைக் கடந்து படலத்தில் விழும். படலம் வெளிச்சத்தை மின்சாரமாக்கும். பக்கத்தில் உள்ள நரம்புச் செல்கள் உசுப்பப்பட்டு, தசைக்கு வேலை கொடுக்கும். தினமும் செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்குள் தசை விழித்துக்கொள்ளாவிட்டால் வற்றிப்போகும். பிறகு எந்த வெளிச்சமும் உதவாது.

மற்றவர்களுக்கு வெளிச்சம் பாய்ச்சுவதும் பரிசோதனையும் இங்கே மையத்தில் நடந்தன. பூவிழிக்கு வீட்டிலேயே நான் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்கள். நம் ஆள் வீட்டுப் பிள்ளைதானே, அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தீர்கள். நான் எழுதிக் கொண்டுவந்த அளவீடுகளை யாரும் சரிபார்க்கவில்லை. உங்கள் பெருந்தன்மையைக் குறை சொல்லவில்லை.

முதல் சில வாரங்கள் பச்சைதான் போட்டேன். ஒரு மாலை அவளுடைய வலது கட்டைவிரல் லேசாகத் துள்ளியது. இருவரும் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை போலச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகு காலமாகியிருந்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்:

"ஓசூர்ல அந்த எடத்துக்கு இன்னும் ஆளு போட்டிருக்க மாட்டாங்க இல்லீங்களா?"

மறுநாள் பட்டையைப் பிரித்து விளக்குகளை மாற்றினேன். சிவப்பு.

சிவப்பு வெளிச்சத்தை அந்தப் படலம் உள்வாங்காது. கண்ணாடியைக் கடப்பது போலக் கடந்துபோகும். கால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஏன் நிறம் மாறியது என்று கேட்டாள். சிவப்புதான் சதைக்குள் ஆழமாக இறங்கும் என்றேன். அது உண்மை. நான் அவளிடம் சொன்னவற்றில் பெரும்பாலானவை உண்மைதான்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை அமைதியாக நடந்தது. குளியலறைக்கு நான் தூக்கிப்போவேன். தலை வாரி, பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். வாக்கர் வேண்டும் என்று ஒருமுறை கேட்டாள். படலத்தில் அழுத்தம் படக்கூடாது என்று மறுத்தேன். ஏரியூரிலிருந்து அவள் அம்மா மாதம்மாள் வந்து, மகளைச் சில மாதம் அழைத்துப்போவதாகச் சொன்னார். விளக்குக்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும், அங்கே சரிவராது என்றேன். கீழ்வீடு காலியானபோது, மாடியை விட்டுவிட்டு அதற்கு வந்துவிடும்படி வீட்டு உரிமையாளர் அம்பிகாக்கா சொன்னார். மாடியில்தான் காற்று நன்றாக வரும் என்று இருந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போக அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அக்கா நின்று பார்ப்பார். "இந்த மாதிரி ஒரு புருசன் அமையறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் பாப்பா" என்பார். பூவிழி முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் நேற்று மாலைவரைக்கும்தான்.

ஆரோக்கியராஜ் உங்களுக்கு நினைவிருக்கும். அதே இறக்கத்தில் வேறொரு விபத்தில் கால் நசுங்கிய லாரி டிரைவர். நம் ஆய்வில் இரண்டாவது ஆள். தன் நடையைக் காட்டுவதற்காக மிட்டாய்ப் பெட்டியோடு மாடியேறி வந்துவிட்டார். கொஞ்சம் விந்தி நடந்தார், ஆனால் ஏறிவிட்டார். அப்போது பூவிழிக்குப் பட்டை கட்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன சாரே, எனக்குப் பச்ச லைட்டு போட்டீங்க, நான் வண்டிய எடுத்துக் கெளம்பிட்டேன். தங்கச்சிக்குச் செவப்பு போட்டு சிக்னல்லயே நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

நானும் சிரித்தேன். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு நிறம் என்று சொன்னேன். அவர் தலையாட்டி, காபி குடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனார். அவருடைய காலடி ஓசை தெருவில் தேயும்வரை பூவிழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பச்ச லைட்டு வூட்ல இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருந்தது. கட்டிவிட்டேன். இருவரும் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டது, மேடம், இனி எப்படி அசையும்? அதை அவளுக்குப் பக்குவமாக விளக்கினேன். அவள் அழவில்லை. பட்டையைத் தானே கழற்றி ஓரமாக வைத்தாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவள் கால் சரியாகக்கூடாது என்றுதான் விளக்கை மாற்றினேன். ஆனால் காலின் மேல் எனக்கு என்ன பகை? கால் சரியானால் அந்த இன்னொரு வாக்கியமும் வெளியே வந்துவிடும். அதைக் கேட்காமல் அவளோடு வாழ்ந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. இதில் அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

இப்போது உங்களிடம் வந்ததுகூட ஒரு உதவிக்குத்தான். 'சிவப்பும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி, நான் சொல்லித்தான் அவர் போட்டார்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்புவாள். உங்கள் மேல் அவளுக்கு மரியாதை.

இன்று காலை வழக்கம்போல அவளைத் தூக்கக் குனிந்தேன். அவள் என் கழுத்தில் கை போடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போல, கேட்டுவிட்டாள்.

"என்னய விட்டுடுங்க. எனக்கு உங்ககூட இருக்க வேண்டாங்க. அந்தக் காபி குடிச்ச அன்னிக்கே கேக்கோணும்னு இருந்தேன். எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீங்க தூக்க வேண்டாம். ஆரோக்கியராஜ் அண்ணன வரச் சொல்லுங்க, அவரு தூக்கிட்டுப் போவட்டும்."

அவருக்கே இன்னும் கால் முழுதாகச் சரியாகவில்லை, மேடம். படியில் தவறி அவளைக் கீழே போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அவள் போனை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.