மூக்கு தூக்கிய ட்ரெய்லர்

ராத்திரி பதினொன்னரை. காட்டு ரோடு... முன்னாடியும் பின்னாடியும் ஒரு வண்டி கிடையாது.

கதவைச் சாத்திட்டு உட்காருங்க. பாதியில எந்திரிச்சு, பாத்ரூமுக்குத் துணைக்கு வான்னு எவனும் என்னைக் கூப்பிடக் கூடாது.

நம்ம வெல்டரோட சித்தப்பாவுக்கு நடந்தது இது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடறவர். ட்ரெய்லர்ல ஏத்தி, ஜீப்புல மாட்டி இழுத்துட்டுப் போவார். ஜீப்போட கொக்கி உசரம், ட்ரெய்லர் தாழ்வு. மாட்டினா ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கும், பாரமெல்லாம் பின்னால சாயும், வேகம் எடுத்தா வாலை ஆட்டும். "சித்தப்பா, ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, கொக்கியை ஒரு சாண் இறக்கித் தர்றேன்"னு வெல்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டான். கேட்டாத்தானே?

அவரோட மூளையைப் பாருங்க. மச்சினனை, பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பியை, ட்ரெய்லர் மூக்குல உட்கார வச்சார். நல்ல கனமான ஆள். அவன் ஏறினா மூக்கு இறங்கும், ஆட்டம் நிக்கும். ஜீப்போட பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் ரோட்டை விட்டுட்டு மரக்கிளையில அடிக்கும். அதைப் பத்தியும் அவருக்குக் கவலை இல்ல. "நிறுத்தணும்னா ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுடா"ன்னு சொல்லி வச்சிருந்தார்.

ஒரு நாள் இதே ரோட்டு ஏத்தத்துல... டொக், டொக். நல்லாவே கேட்டுச்சு. ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி இழுக்காதுன்னு ஓட்டினார். தட்டிக்கிட்டே இருந்தான்... அப்புறம் தட்டல.

வீட்டுல என்ன சொன்னார் தெரியுமா? "குடிச்சிட்டு அவனா ஏறி விழுந்திருக்கான், நான் பார்க்கவே இல்ல." அக்காக்காரி அதை நம்பி, செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதா. மனுஷனா அவரு?

அதுக்கப்புறம்தான் நான் சொன்ன அந்தப் பதினொன்னரை. மாமியார் வீட்டுல இருந்த ஆறு வயசு மகளைப் பின் சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டு வர்றார். பின்னால ஜெனரேட்டர். கொக்கியை இன்னும் இறக்கல. ஆனா ட்ரெய்லர் ஆடவே இல்ல... ஹெட்லைட் மரக்கிளையில அடிக்குது. ஏத்தம் வந்துச்சு.

டொக்... டொக்.

மேட்டுக்கு மேல ஏறினதும் நிறுத்தி, ட்ரெய்லரைக் கழட்டி விட்டார். பாரமெல்லாம் பின்னாலதானே, வால் தரையில இடிச்சு மூக்கு ஆகாசத்தைப் பார்த்துச்சு. சனியன் விட்டுச்சுன்னு ஜீப்பை எடுத்தார்.

ஹெட்லைட் இன்னும் மரக்கிளையிலதான் அடிச்சுது.

வண்டிக்குள்ள கிரீஸ் வாடை. தூக்கக் கலக்கத்துல மக முனகினா. "மாமா, இடிக்காதே... தள்ளி உட்காரு."

டொக், டொக். அவர் முதுகுக்குப் பின்னாலயே.

இந்தத் தடவை நிறுத்திட்டார். பின் கதவு திறந்துச்சு. ஹெட்லைட் மெதுவா ரோட்டுக்கு இறங்குச்சு. திரும்பிப் பார்த்தா, சீட்டு காலி.

மகளைக் கூப்பிட்டுக்கிட்டே வந்த வழியில ஓடினார். ட்ரெய்லர் விட்ட இடத்துலயேதான் நின்னுச்சு. ஆனா மூக்கு தரையில அழுந்திக் கிடந்துச்சு... மேல யாரும் இல்ல.

அந்த மூக்குக் கம்பியில காதை வச்சார். டொக், டொக்.

அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு தட்டு கேட்டுச்சு, ஸ்பேனரைத் தூக்க முடியாத சின்னக் கை தட்டுற மாதிரி.