பால் வண்டிக்கு ஆள் வேணும்

— திரும்பவும் வெறுங்காலோட வந்து நிக்கிற. போன மாசம்தான புதுச் செருப்பு வாங்குன, பெல்சி?

— கோயில் வாசல்லதாங்க கழட்டிப் போட்டேன். நவநாள் செபம் முடிஞ்சு வந்து பாத்தா காணோம்.

— இது ரெண்டாவது சோடி. தொலைஞ்சதையெல்லாம் தேடிக் குடுக்கிறவரு அந்தோனியாரும்பாக. உன் செருப்பை மட்டும் அவரே வச்சுக்கிறாரு போல.

— சாமியைப் போய்க் கேலி பேசுறீகளே. நீங்க லாரிக்குக் கீழ விட்டுட்டு வந்ததையெல்லாம் கூட்டி வச்சா காரைக்குடியில ஒரு செருப்புக் கடையே போடலாம். விசயவாடா, நாக்பூருன்னு ஊருக்கு ஒரு சோடி கிடக்கு.

— அது டிரைவருகளுக்குன்னே உள்ள வியாதி, புள்ள. செருப்புக் காலோட ஸ்டியரிங் முன்னாடி உக்காந்தா எனக்கு ஆகாது. கீழ கழட்டிப் போட்டுட்டு ஏறுவோம், வண்டி எடுக்கிற மும்முரத்துல மறந்துரும். அடுத்த ஊருல இறங்கும்போதுதான் கால் சுடும்.

— சரி, காலை நீட்டுங்க, தைலம் போட்டுவிடுறேன். காசி அண்ணனை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அவரு பால் வண்டிக்கு இன்னும் ஆள் கிடைக்கலையாம்.

— எங்கிட்டயும் போன்ல கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்.

— எதைக் கேட்டாலும் இப்பல்லாம் முடியாதுங்கிறீக. பள்ளத்தூர் ஸ்கூல் பஸ்ஸையும் அப்படித்தான சொன்னீக?

— அதுல நாலு வீட்டுக்கு ஒரு தடவை நிப்பாட்டணும். நிப்பாட்டுற நேரமெல்லாம் இடது காலால கிளட்சை மிதிக்கணும். லாரியாவது பைபாஸ்ல ஏறிட்டா காலு சும்மா கிடக்கும்.

— தூத்துக்குடி ஹார்பர்ல கிளட்சே இல்லாத வண்டி ஓடுதுன்னு சொன்னீகளே?

— ஓடுது. கண்டெய்னரை யார்டுக்குள்ளயே அங்குட்டும் இங்குட்டும் நகட்டுற வேலை. அதுக்கு சின்னப் பயலுகளாப் பாத்துத்தான் எடுக்கிறாக.

— கேஸ் டேங்கரு?

— அதுக்குத் தனியா டிரெயினிங் முடிச்சு லைசென்சுல பதிஞ்சு வாங்கணும், கேட்டுக்க.

— அந்த டிரெயினிங்கை யாரு வேணாலும் முடிக்கலாமா?

— ஹெவி லைசென்சு இருக்கிற யாரும் முடிக்கலாம். உனக்கு எதுக்கு அது?

— சும்மாதான் கேட்டேன். லட்சுமணன் அண்ணன் ஹோட்டல் வேனு?

— போய்ப் பாத்தேனே. வெள்ளைக்காரவுகளுக்குக் கதவு தொறந்துவிடணும், பெட்டி தூக்கணும். நான் நடந்து வர்றதைப் பாத்துட்டு அவரே, எடைமேடையில உக்காருறியா, குவாரியில சொல்லிவிடுறேன்னாரு. நல்ல மனுசன்தான், நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஆனா மத்தவன் ஓட்டிக்கிட்டு வர்ற வண்டிய நான் எடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா, பெல்சி?

— வேணாம். உங்களுக்கு அது ஒத்துக்காது. பால் வண்டியப் பத்திச் சொல்லுங்க. லாரி மாதிரித்தான இருக்கும்?

— அதான் இல்லை. லாரியில லோடு அசையாம உக்காந்திருக்கும். டேங்கர்ல பாலு ஆடும். ரொம்பிக் கிடந்தா பயமில்லை, அரைகுறையா இருந்தாத்தான் வினை. நீ பிரேக்கு போட்டு வண்டி நின்னாலும் பாலு நிக்காது, முன்னாடி வந்து ஒரு தள்ளு தள்ளும்.

— அப்ப என்ன செய்யணும்?

— முன்கூட்டியே வேகத்தைக் கொறைக்கணும். வளைவுக்குள்ள போயிட்டு பிரேக்கைத் தொடவே கூடாது. சிங்கம்புணரியில இருந்து வரும்போது நாச்சியாபுரம் பக்கம் ஒரு வளைவு இருக்கு பாரு, அங்க தூரத்துலயே கியரை இறக்கிரணும்.

— மூணாவது கியருக்கா?

— மூணாவதுதான். என்ன, இன்னைக்கு இம்புட்டுக் கேள்வி?

— நீங்க பேசி ரொம்ப நாளாச்சு. வண்டியப் பத்திப் பேசும்போதுதாங்க உங்க மொகமே தெளியுது. காசி அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிருங்களேன்.

— பெல்சி, உங்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்குத் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேல இருந்து விழுந்தேன்ல, அதுக்குப் பெறகு இந்த இடது காலு கிளட்சைப் பாதிக்கு மேல அமுக்க மாட்டேங்குது. ஆறிரும், ஆறிரும்னு உன்னைய ஏமாத்திக்கிட்டு இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. பால் வண்டி விடிகாலம் வர்ற வண்டி, ரோட்டுல சனம் நடக்கும். யாரு மேலயாவது ஏத்திட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன்.

— தெரியுங்க.

— என்ன தெரியும்?

— ராத்திரி தூக்கத்துல கட்டில் கம்பிய மிதிக்கிறீக. மிதிச்சு மிதிச்சு, பாதியிலயே வலியில முனகுறீக. அதைப் பாத்துட்டு நான் தூங்கியிருப்பேன்னா நெனச்சீக? அதான் காசி அண்ணன்கிட்ட நானே சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கு விடியுமுன்ன சிங்கம்புணரியில இருக்கணும்.

— இம்புட்டு நேரம் நான் யாருக்குச் சொன்னேன்? யாரைக் கேட்டு சரின்ன?

— வண்டிக்கு ரெண்டு பேரு போட்டுக்கிறேன்னுட்டாரு. நீங்க ஓட்ட வேணாம். இடது பக்கம் உக்காந்து ரோட்டச் சொன்னாப் போதும்.

— கிளீனர் சீட்டுலயா? இந்த மரிய ஜெரால்டு, எவனோ ஒருத்தன் ஓட்ட, பக்கத்துல உக்காந்து வரணுமா?

— எவனோ இல்லைங்க. உங்க பேச்சைத் தட்டாத ஆளுதான். தம்பியோட குட்டியானை வண்டியில ஓட்டப் பழக்கிவிட்டதே நீங்கதான்.

— குட்டியானையில நான் யாரைப் பழக்குனேன்? உன்னையத்தான பழக்குனேன். உங்கிட்ட இருக்கிறது சின்ன வண்டி லைசென்சு. பால் டேங்கரு ஹெவி வண்டி, அதுக்கு ஹெவி லைசென்சு வேணுமே.

— வந்துருச்சுங்க.

— எப்படி வரும்? நான் வீட்டுலயேதான கிடக்கேன். நீ செவ்வாய்க்கிழமை நவநாளுக்கும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கும் போறதைத் தவிர எங்கயும் போறதே இல்லையே?

— அந்தோனியாரை ஒண்ணும் சொல்லாதீக. ரெண்டு சோடிச் செருப்பையும் நான் டிரைவிங் ஸ்கூல் லாரிக்குக் கீழதாங்க விட்டுட்டு வந்தேன்.