இளஞ்சிவப்புப் பற்களும் தாதி ரோசம்மாவின் மேசையும்

மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் சுந்தரம் அவர்களே, முன்வரிசையில் மனைவியை இழந்து அமர்ந்திருக்கும் நண்பர் ஜார்ஜ் அவர்களே, வாயை இறுக மூடிக்கொண்டு வந்திருக்கும் நம் முதியோர் மன்ற உறுப்பினர்களே! வணக்கம். மன்றத் தலைவன் ரத்னவேல் பேசுகிறேன். கோபமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜார்ஜின் மனைவி, நம் பல் தாதி ரோசம்மா போய்விட்டார். முப்பது ஆண்டு பல் மருந்தகத்தில் உழைத்து, ஓய்வு பெற்றும் ஓயாமல், சனிக்கிழமைதோறும் தோ பாயோவில் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, நம் வாய்க்குள் எட்டிப் பார்த்தாரே! எரிமலைக்குள் எட்டிப் பார்ப்பவருக்குக்கூட அவ்வளவு துணிச்சல் வராது!

என்ன பார்த்தார்? கிருமிகளை! நம் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்கும் கிருமிகளுக்கு வீவக அடுக்குமாடி வீடு ஒதுக்கினால், பாசிர் ரிஸிலிருந்து குவீன்ஸ்டவுன் வரை அடுக்கினாலும் இடம் போதாது! அவை பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. ஈறு வீங்குகிறது, ரத்தம் கசிகிறது. விட்டுவைத்தால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. வலிக்கிறதா? பெரும்பாலும் இல்லை! அதுதானே அயோக்கியத்தனம்!

ரத்தத்தைப் பார்த்ததும் மாவீரர்களாகிய நாம் என்ன செய்தோம்? அந்த இடத்தில் மட்டும் தேய்ப்பதை நிறுத்தினோம். "பயப்படாதீங்க அண்ணே, ரத்தம் வர்ற எடத்துலதான் மெதுவா, நல்லா தேய்க்கணும்" என்று அவர் தொண்டை வற்றச் சொன்னார். கேட்டோமா?

ஒரு சனிக்கிழமை சிவப்பு மாத்திரை கொடுத்தார். மென்றால், கிருமிப் படலம் உள்ள இடமெல்லாம் இளஞ்சிவப்பாகும். "வீட்டுக்குப் போய் நல்லா தேய்ச்சா போயிடும் லா" என்றார். தேய்த்தோமா? ரத்தத்துக்குப் பயந்து ஒப்புக்குக் கொப்பளித்துவிட்டு, மாலையில் சிராங்கூன் சாலை மண்டபத்தில் என் மகள் வர்ஷாவின் நிச்சயதார்த்தத்தில் வரிசையாக நின்று சிரித்தோம். படத்தில் நாற்பது வாய்! நாற்பதும் ரோஜாத் தோட்டம்! சம்பந்தி அம்மாள் கேட்டார்: "ஒங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் ரோஜாப்பால் பண்டோங் குடிச்சுட்டு வந்தாங்களா?"

அந்தச் சிவப்பு யாருடைய குற்றம்? நம்முடையது! பழி யார்மேல்? ரோசம்மாமேல்! "உறுப்பினர்களை அவமானப்படுத்தினார், மேசையை அகற்றுக" என்று செயலாளருக்குப் புகார்க் கடிதம். முதல் கையெழுத்து எவனுடையது? இதோ, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, இவனுடையது!

எட்டு மாதமாக மேசை இல்லை. சுந்தரம் அவர்களுக்கு மூன்று பல் ஆடி விழுந்தது. போன மாதம் மின்தூக்கி வாசலில் ரோசம்மா என்னை நிறுத்தினார். "என்மேல கோவம்னா இருக்கட்டும் அண்ணே. மேசைய மட்டும் திருப்பிக் குடுங்க. இவ்ளோ பேருக்கு ஈறு கெட்டுக் கெடக்கு." செயற்குழு பரிசீலிக்கும் என்றேன். பரிசீலிக்குமாம்! பொத்தானை அமுக்கி மேலே போய்விட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு மாரடைப்பு. முடிவை இனி யாரிடம் சொல்வேன், ஜார்ஜ்?

ஆகவே, தீர்மானம். அந்தக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மேசை போடப்படும். ரோசம்மாவோடு பணியாற்றிய பல் தாதி ருக்ஸானா அமர்வார். இனி எந்தச் சனிக்கிழமையும் அது காலியாக இருக்காது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!

என்ன சுந்தரம்? "கை தூக்குனா மட்டும் போதுமா தலைவரே"யா? போதும், தூக்கும்!

நன்று. யாரும் கையை இறக்க வேண்டாம். ருக்ஸானா, தூக்கியவர்களின் பெயரையெல்லாம் எழுதிக்கொள்ளம்மா. சனிக்கிழமை பரிசோதனைக்கு வருகிறவர்கள் இவர்கள்தான். முதல் பெயர் ரத்னவேல்.