புளோஞ்சர் என்று சொன்னேன்

டும். தலைக்கு மேலே. விளக்கு அணைகிறது. இரண்டாவது டும் இன்னும் கிட்ட. இரும்பு முனகுகிறது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"மூடியைத் திற! திறவடா!" யூட் கத்துகிறான்.

முல்லைத்தீவுக் கடல். காலை ஆறரை மணி. சண்டைக் காலம். நாங்கள் இயக்கக்காரர் நான்கு பேர். நாங்களே இரும்புத் தகடுகளை ஒட்டிச் செய்த நீர்மூழ்கி அது. பஸ்ஸில் பாதி நீளம். உள்ளே நிமிர முடியாது. டீசல் மணம் சோற்றிலும் ஏறும். மூன்று தடவை போய்ப் பத்திரமாகத் திரும்பியது. நான்காவது தடவை, நாங்கள் திரும்பும் இடத்தில் கடற்படைப் படகு நின்றது. தேடி வரவில்லை. காத்து நின்று குண்டு போட்டது. கரையில் யாரோ சொல்லியிருக்கிறான். யார்? இன்றுவரை தெரியாது.

மூடிக்குக் கிட்ட இருந்தவன் நான். திறந்தேன். கடல் உள்ளே கொட்டியது. யூட் என் காலைப் பிடித்து மேலே தள்ளினான். மேலே வந்து மூச்சு விட்டேன். கீழே மூன்றாவது டும். இடது காது அன்றோடு போயிற்று. பிறகு ஒருவரும் மேலே வரவில்லை.

இப்போது பிரெஞ்சு நாட்டில், தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். பிரெஞ்சில் கோப்பை கழுவுகிறவனும் புளோஞ்சர். கடலில் மூழ்கிச் சுழியோடுகிறவனும் புளோஞ்சர். ஒளிந்துகொள்ள எனக்கு நல்ல சொல். யாராவது ஊர்க்கதை கேட்டால், உளவு பார்க்க வந்தவரோ என்று முதலில் அவருடைய சப்பாத்தைப் பார்ப்பேன். பிறகு வாசலை. எங்களைக் காட்டிக்கொடுத்தவனும் இதே தெருவில் கறிவேப்பிலை வாங்கக்கூடும்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தி நான் கோப்பை கழுவும் குசினி வாசலுக்கு வந்தாள். கைபேசியை நீட்டினாள். படத்தில் யூட். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.

"எங்கடை அண்ணா. அங்கை கடலிலை புளோஞ்சர். நீங்கள் கண்டனீங்களோ, அண்ணை?"

அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன். இவளை என்னிடம் அனுப்பியது யார்?

"நான் இஞ்சைதான் புளோஞ்சர், தங்கச்சி. அங்கை கடலிலை காலும் நனைச்சதில்லை."

அவள் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம். போய்விட்டாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "நான்தான் உன்னட்டை அனுப்பினனான். நீ அந்தக் கடல்பக்கத்து ஆள்தானே. ஸ்தேன் எண்ட பக்கத்து ஊரிலை இருக்கிற பிள்ளை. தமையனை ஆமி எங்கையோ முகாமிலை வைச்சிருக்கு எண்டு தாய் இன்னும் நம்புதாம்."

என்மேலேயே அருவருப்பு வந்தது. ஈரக்கையோடு தெருவுக்கு ஓடினேன். ரயில் நிலையம் வரை தேடினேன். அவள் இல்லை. முதலாளியிடம் நம்பரும் இல்லை.

அதனால் எழுதுகிறேன். காட்டிக்கொடுத்தவன் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

அந்த நீர்மூழ்கியில் என்னோடு மூன்று பேர். குகன். சேந்தன். யூட். மூவரும் அந்தக் காலையிலேயே முடிந்துபோனார்கள். தங்கச்சி, யூட் எந்த முகாமிலும் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.